நோட்பேட் பிளஸ் பிளஸ்: 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மனிதர் நடத்தும் எடிட்டர்... ஹேக்கர்கள் குறி வைத்தது ஏன்? முழு விளக்கம்

காலேஜ் லேப், ஐடி ஆபீஸ், பிரவுசிங் சென்டர் என விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கும் இடங்களில் ஒரு பச்சோந்திச் சின்னத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுதான் நோட்பேட் பிளஸ் பிளஸ். இலவசம். விளம்பரம் கிடையாது. பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும்.

ஆனால் பயன்படுத்துபவர்களில் பலருக்கே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இதற்குப் பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. டான் ஹோ என்ற ஒரே ஒரு டெவலப்பர் 2003-ல் தொடங்கி இன்று வரை நடத்தி வரும் சாஃப்ட்வேர் இது.

2026 பிப்ரவரி 2-ம் தேதி அவர் வெளியிட்ட ஓர் அறிவிப்பு உலகம் முழுவதும் ஐடி துறையினரைத் திடுக்கிட வைத்தது. நோட்பேட் பிளஸ் பிளஸ் அப்டேட் வரும் வழியிலேயே ஹேக்கர்கள் புகுந்து, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் போலி அப்டேட்டை அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் 2025 ஜூன் மாதத்திலிருந்து!

ஒரு சின்ன எடிட்டருக்குப் போய் இவ்வளவு மெனக்கெடுவார்களா? அதில் அப்படி என்ன இருக்கிறது? தனி மனிதர் ஒருவரை நம்பி இத்தனை கம்ப்யூட்டர்கள் இருப்பது சரியா? விரிவாகப் பார்க்கலாம்.

கோட் எடிட்டர் என்றால் என்ன? வேர்டில் எழுதினால் ஆகாதா?

ஆகாது. காரணம் ரொம்ப சிம்பிள்.

எம்எஸ் வேர்டில் நாம் ஒரு வரி டைப் செய்தால், அந்த எழுத்துகளோடு ஃபான்ட் என்ன, அளவு என்ன, எந்த நிறம் என்று நம் கண்ணுக்குத் தெரியாத தகவல்களும் சேர்ந்து சேவ் ஆகும். கம்ப்யூட்டர் நிரல்களுக்கு இந்த அலங்காரம் எதுவும் கூடாது. வெறும் எழுத்து மட்டும்தான் வேண்டும்.

உதாரணத்துக்கு, நேரான மேற்கோள் குறியை டைப் செய்தால் வேர்டு அதை அழகாக வளைத்துக் காட்டும். கடிதத்தில் அது அழகு. கோடிங்கில் அந்த ஒரு வளைவே போதும், நிரல் ஓடாமல் நின்றுவிடும்.

அதனால்தான் நிரல் எழுதுவதற்கென்றே தனி எடிட்டர்கள் வந்தன. ஒவ்வொரு வரிக்கும் எண் போடும். கட்டளைச் சொல் ஒரு நிறம், எண்கள் ஒரு நிறம், குறிப்பு வரிகள் ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டும். திறந்த அடைப்புக்குறி எங்கே மூடுகிறது என்று காட்டும். ஒரு ஃபோல்டரில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஃபைல்களில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடித் தரும்.

விண்டோஸிலேயே நோட்பேட் இருக்கே... பிறகு இது எதுக்கு?

நியாயமான கேள்வி. ஆனால் விண்டோஸோடு வரும் நோட்பேட் ரொம்ப காலம் அப்படியே மாறாமல் கிடந்தது.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் உருவான ஒரு ஃபைலை அதில் திறந்தால், மொத்தமும் ஒரே வரியாக நீண்டு தெரியும். வரி முடிவதைக் குறிக்க விண்டோஸ் ஒரு முறையையும் லினக்ஸ் வேறு முறையையும் பின்பற்றுவதுதான் காரணம். இந்தச் சின்னப் பிரச்சினையை மைக்ரோசாஃப்ட் சரிசெய்தது 2018-ல்தான். ஒரே விண்டோவில் பல ஃபைல்களைத் திறக்கும் டேப் வசதி நோட்பேடுக்குக் கிடைத்தது 2023-ல், அதுவும் விண்டோஸ் 11-ல் மட்டும்.

இந்த இடைவெளியில்தான் நோட்பேட் பிளஸ் பிளஸ் இடம் பிடித்தது. டேப், நிறப் பிரிப்பு, தேடல் எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே அதில் வந்துவிட்டன. இன்னொரு வசதிக்காகவே அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். சேவ் செய்யாமல் மூடினாலும் எழுதியது போகாது. 7 விநாடிக்கு ஒரு முறை தானாகவே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும், திறந்து பார்த்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும்.

தமிழில் டைப் செய்தாலும் சிக்கல் இல்லை. யுனிகோட் எழுத்துகளை அது கையாளும். அதன் மெனுக்களையே தமிழில் மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. உலகம் முழுவதும் இருந்து பயனாளர்களே மொழிபெயர்த்துத் தந்த பல மொழிகளில் தமிழும் ஒன்று.

யார் இந்த டான் ஹோ?

பிரான்சில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த சாஃப்ட்வேர் இன்ஜினியர். 2003-ல் அவர் வேலை பார்த்த இடத்தில் ஜெக்ஸ்ட் என்ற எடிட்டரைப் பயன்படுத்தினார்கள். அது ஜாவாவில் எழுதப்பட்டது. அதன் வேகம் அவருக்குத் திருப்தி தரவில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியில் வேகமான ஓர் எடிட்டரை நாமே எழுதலாமே என்று யோசனை சொன்னார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, விடு என்று அவர் போய்விடவில்லை. வேலை நேரம் போக மிச்சம் கிடைத்த நேரத்தில் தானே எழுத ஆரம்பித்தார். 2003 நவம்பரில் முதல் பதிப்பு வெளியானது. விண்டோஸின் நோட்பேடையும், சி மொழியில் 'ஒன்றைக் கூட்டு' என்று பொருள்படும் இரட்டைக் கூட்டல் குறியையும் சேர்த்துப் பெயர் வைத்தார்.

அதன் பிறகு அதன் வளர்ச்சி எப்படி இருந்தது? புரோகிராமர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2015-ல் எடுத்த கருத்துக்கணிப்பில், 26,086 பேரில் 34.7 சதவீதம் பேர் நோட்பேட் பிளஸ் பிளஸ் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். அந்தக் கணிப்பில் அதிகம் பேர் பயன்படுத்திய எடிட்டர் அதுதான். கம்பெனி 'வேண்டாம்' என்று ஒதுக்கிய யோசனை அது!

'லைட்வெயிட்' ரகசியம் என்ன?

எடிட்டர் என்பது எழுத்துகளைக் காட்டும் ஒரு சாதாரண சாஃப்ட்வேர்தானே, அதில் கனம், லேசு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் நெருக்கி நிற்கிறார்கள். முன்னால் ஒருவர் புதிதாக நுழைந்தால், பின்னால் நிற்கும் அத்தனை பேரும் ஓர் அடி பின்னால் போக வேண்டும். ஒரு பெரிய ஃபைலின் முதல் வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் இதே கதைதான். பின்னால் இருக்கும் லட்சக்கணக்கான எழுத்துகளும் நகர வேண்டும். ஒவ்வொரு முறை கீபோர்டைத் தட்டும்போதும் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. கர்சர் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கொஞ்சம் காலி இடம் விட்டு வைப்பது. புதிய எழுத்துகள் அந்தக் காலி இடத்தில் போய் உட்காரும். பின்னால் இருப்பவர்கள் யாரும் நகர வேண்டியதில்லை.

இந்த வேலையைச் செய்யும் பகுதியை டான் ஹோ முதலிலிருந்து எழுதவில்லை. நீல் ஹாட்ஜ்சன் என்ற இன்னொரு டெவலப்பர் 1999-ல் வெளியிட்ட சின்டில்லா என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியை எடுத்துக்கொண்டார். எழுத்துகளைச் சேமிப்பது, நிறம் பிரித்துக் காட்டுவது எல்லாம் சின்டில்லாவின் வேலை. மெனு, டேப், தேடல், பிளக்-இன் என்று அதைச் சுற்றியுள்ள வீட்டைக் கட்டியது டான் ஹோ.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நோட்பேட் பிளஸ் பிளஸ் விண்டோஸின் அடிப்படைக் கட்டளைகளோடு நேரடியாகப் பேசும். நடுவில் வேறு எந்த அடுக்கும் கிடையாது. அதனால் நிறுவும் ஃபைலே சில எம்பிதான். இதே காரணத்தால்தான் லினக்ஸுக்கோ மேக்குக்கோ டான் ஹோ தனிப் பதிப்பு வெளியிடவில்லை. விண்டோஸோடு ஒட்டிப் பிறந்த பிள்ளை, வேறு வீட்டில் வளராது.

குறைந்த சக்தியில் ஓடும் சாஃப்ட்வேர் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கும், அதனால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்பதை அந்த எடிட்டரின் தளமே தன் கொள்கையாகச் சொல்கிறது.

பெரிய கம்பெனிகளின் எடிட்டர்கள் என்ன ஆச்சு?

2014-ல் கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற எடிட்டரைக் கொண்டுவந்தது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோட் எடிட்டரை அறிமுகம் செய்தது. இரண்டுமே எலக்ட்ரான் என்ற தொழில்நுட்பத்தில் ஓடுபவை.

சிம்பிளா சொல்லணும்னா, எலக்ட்ரானில் எழுதிய ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியம் ஒளிந்திருக்கிறது. ஒரு முறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டெவலப்பருக்கு அது பெரிய லாபம். ஆனால் ஒரு பிரவுசரையே சுமந்து திரிவதால் ரேம் அதிகம் பிடிக்கும்.

இருந்தாலும் விஎஸ் கோட் ஜெயித்தது. 2018-ல் அதே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணிப்பில் முதலிடத்துக்கு வந்தது. 2021 முதல் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார்கள். பெரிய புராஜெக்ட் எழுதுபவர்களுக்கு அதில் வசதிகள் அதிகம் என்பதை மறுக்க முடியாது.

ஆட்டம் கதை வேறு. கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் 2018-ல் வாங்கியது. 2022 டிசம்பர் 15-ம் தேதி ஆட்டம் எடிட்டருக்கு மூடுவிழா நடத்தப்பட்டது. கம்பெனியின் கணக்கு மாறினால் எடிட்டரின் ஆயுளும் முடிந்துவிடும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் அப்படி மூடப்படவில்லை. அதை மூடச் சொல்ல மேலே முதலாளி யாரும் இல்லை. அதன் பலம் அதுதான். பலவீனம் எங்கே என்று அடுத்து பார்ப்போம்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் வெறும் இலவசமா? காசு எங்கிருந்து வருது?

இலவசம் வேறு, ஓப்பன் சோர்ஸ் வேறு. இலவச சாஃப்ட்வேரை நாம் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாமல் போகலாம். ஓப்பன் சோர்ஸ் என்றால் அதன் மூல நிரல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியே இருக்கும். ஹோட்டலில் சாப்பாட்டோடு சமையல் குறிப்பையும் கையில் கொடுப்பது போல.

நோட்பேட் பிளஸ் பிளஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி எழுதலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் மாற்றி வெளியிட்டால், தன் மூல நிரலையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். பொதுவில் எடுத்ததைப் பூட்டி வைக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

பிழையைச் சுட்டிக்காட்டுபவர்கள், திருத்தம் எழுதி அனுப்புபவர்கள், பிளக்-இன் தயாரிப்பவர்கள் என்று உலகம் முழுக்கப் பலர் கைகொடுக்கிறார்கள். ஆனால் எதைச் சேர்ப்பது, எப்போது வெளியிடுவது என்ற முடிவும் பொறுப்பும் டான் ஹோவிடம்தான். பணம்? பயனாளர்கள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடைதான்.

தனி ஆளுக்கு 'சீல்' கிடைக்காத கதை

கேஸ் சிலிண்டர் வந்தால் முதலில் எதைப் பார்க்கிறோம்? சீல் உடைந்திருக்கிறதா என்று. சாஃப்ட்வேருக்கும் அப்படி ஒரு சீல் உண்டு. அதுதான் டிஜிட்டல் கையொப்பம். 'இந்த ஃபைலை வெளியிட்டவர் இவர்தான், வழியில் யாரும் கை வைக்கவில்லை' என்பதற்கான உறுதி அது. இதற்கான சான்றிதழைத் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அவை அதற்குக் கட்டணம் வாங்கும்.

டிஜிசெர்ட் என்ற நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்த 3 ஆண்டு சான்றிதழ் 2019-ல் முடிந்தது. புதிதாக வாங்கப் போனால் ஒரு சிக்கல். சான்றிதழில் 'நோட்பேட் பிளஸ் பிளஸ்' என்ற பெயரைப் போட முடியாது என்றார்கள். ஏனென்றால் அந்தப் பெயரில் பதிவு செய்த கம்பெனியோ அமைப்போ இல்லை! கோடிங்கில் செலவழிக்க வேண்டிய நேரத்தை இதில் வீணாக்க முடியாது என்று டான் ஹோ கையொப்பம் இல்லாமலே சில பதிப்புகளை வெளியிட்டார். பிறகு மறுபடியும் சான்றிதழ் வந்தது.

2025-லும் இதே தலைவலி. இடையில் சில பதிப்புகள் அவரே உருவாக்கிய சான்றிதழோடு வந்தன. 8.8.7 பதிப்பிலிருந்துதான் குளோபல்சைன் நிறுவனத்தின் முறையான சான்றிதழ் கிடைத்தது.

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அதற்கென்று தனி டீம் இருக்கும். தனி ஆளுக்கு இதுவே மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. இந்த விஷயம் முக்கியம், ஏனென்றால் ஹேக்கர்கள் புகுந்தது இதற்குப் பக்கத்து வழியில்தான்.

ஏற்கெனவே குறி வைக்கப்பட்ட எடிட்டர்

டான் ஹோ தன் மனதில் பட்டதை வெளியே சொல்பவர். பதிப்புகளுக்கே அரசியல் பெயர் வைப்பார். 2015 ஜனவரியில் பாரிஸில் சார்லி ஹெப்டோ பத்திரிகை அலுவலகத்தில் தாக்குதல் நடந்த பிறகு, அதற்கு ஆதரவான பெயரில் ஒரு பதிப்பு வந்தது. அப்டேட் செய்ததும் எடிட்டர் தானாகவே கருத்துச் சுதந்திரம் பற்றி ஒரு செய்தியை டைப் செய்து காட்ட, வைரஸ் புகுந்துவிட்டதோ என்று பலர் பயந்துபோனார்கள். அந்த நாட்களில் அதன் வெப்சைட்டும் ஹேக் செய்யப்பட்டது.

2019 அக்டோபரில் வந்த 7.8.1 பதிப்புக்கு, சீனாவின் உய்குர் முஸ்லிம்களுக்கு விடுதலை கோரும் பெயர். விளைவு? கிட்ஹப்பில் உள்ள அதன் பக்கத்தில் சீன மொழியில் வசைகள் குவிந்தன. ஒரே நேரத்தில் ஏராளமான போலிக் கோரிக்கைகளை அனுப்பி வெப்சைட்டை முடக்கும் தாக்குதலும் நடந்தது.

உளவு அமைப்புகளின் கண்ணும் இதன்மேல் இருந்திருக்கிறது. 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்க சிஐஏ ஆவணங்களில் நோட்பேட் பிளஸ் பிளஸ் பெயரும் இருந்தது. எடிட்டரோடு வரும் சின்டில்லா ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் உளவு ஃபைலை வைப்பதுதான் அந்த உத்தி. உடனே 7.3.3 பதிப்பு வந்தது. அந்த ஃபைலின் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே எடிட்டர் அதை ஏற்றும்படி மாற்றப்பட்டது.

2025-ல் நடந்தது என்ன?

எடிட்டரோடு ஒரு சின்ன அப்டேட் கருவியும் சேர்ந்து வரும். அது நோட்பேட் பிளஸ் பிளஸ் வெப்சைட்டைக் கூப்பிட்டு 'புதிய பதிப்பு இருக்கா?' என்று கேட்கும். 'இருக்கு, இந்த முகவரியில் எடுத்துக்கோ' என்று பதில் வரும். கருவி அந்த முகவரிக்குப் போய் ஃபைலை இறக்கி ஓட்டும்.

ஹேக்கர்கள் கை வைத்தது அந்தப் பதிலில்தான். நோட்பேட் பிளஸ் பிளஸ் நிரலில் ஓட்டை எதுவும் போடவில்லை. அந்த வெப்சைட் இருந்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் புகுந்தார்கள். அது பல வெப்சைட்டுகள் சேர்ந்து குடியிருக்கும் பகிர்வு சர்வர். அங்கிருந்து, தாங்கள் குறி வைத்த ஆட்கள் கேட்கும்போது மட்டும் பதிலில் இருந்த முகவரியை மாற்றினார்கள். மற்ற எல்லோருக்கும் சரியான அப்டேட்டே போனது. அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டான் ஹோவின் அறிவிப்பில் உள்ள காலக்கோடு இதுதான்:

2025 ஜூன்: ஊடுருவல் தொடக்கம்.

2025 செப்டம்பர் 2: சர்வரில் பராமரிப்பு வேலை நடந்ததால் ஹேக்கர்களின் நேரடி அணுகல் போனது. ஆனால் உள் சேவைகளின் பாஸ்வேர்டுகள் அவர்கள் கையிலேயே இருந்தன.

2025 டிசம்பர் 2: பாஸ்வேர்டுகள் மாற்றப்பட்டு, அதுவரை நீடித்த வாய்ப்பு முழுமையாக அடைக்கப்பட்டது.

2026 பிப்ரவரி 2: விவரங்கள் பகிரங்கமாக அறிவிப்பு.

பின்னணியில் இருப்பது சீன அரசின் ஆதரவு பெற்ற குழுவாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருப்பதாக அந்த அறிவிப்பு சொல்கிறது. சைபர் பாதுகாப்பு நிறுவனமான ரேபிட்7, லோட்டஸ் பிளாசம் என்று அழைக்கப்படும் குழுவைக் கைகாட்டியது. வியட்நாமில் ஓர் ஐடி சேவை நிறுவனம், பிலிப்பைன்ஸில் ஓர் அரசு அமைப்பு, எல் சால்வடாரில் ஒரு நிதி நிறுவனம் ஆகியவை குறி வைக்கப்பட்டதாக காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது.

எடிட்டரை ஏன் குறி வைக்கணும்?

யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சர்வர்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் அட்மின், வங்கியின் சாஃப்ட்வேரை எழுதும் புரோகிராமர், அரசு அலுவலகத்தின் டேட்டாவைக் கையாளும் ஊழியர்... இவர்கள் கம்ப்யூட்டரில்தான் இப்படிப்பட்ட எடிட்டர் இருக்கும். நிறுவனத்தின் பிரதான கதவை உடைப்பது கஷ்டம். சாவிக்கொத்து வைத்திருப்பவரின் மேசைக்குப் போய்விட்டால் வேலை சுலபம்.

அதோடு, 'அப்டேட் செய்யுங்கள்' என்பதுதான் பாதுகாப்பு நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் அறிவுரை. அந்த நம்பிக்கையையே வழியாக மாற்றிக்கொள்வதுதான் இந்த வகைத் தாக்குதல். இதற்கு 'சப்ளை செயின்' தாக்குதல் என்று பெயர். சிலிண்டர் கம்பெனியிலும் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. வழியில் லாரி மாறிவிட்டது.

அப்போது சீலைச் சரிபார்க்க வேண்டியது யார்? அப்டேட் கருவிதான். அது போதுமான அளவுக்குச் சரிபார்க்கவில்லை. 8.8.9 பதிப்பில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. இறக்கிய ஃபைலின் சான்றிதழ், கையொப்பம் இரண்டும் பொருந்தினால் மட்டுமே இனி ஓட்டும். வெப்சைட் தரும் பதிலுக்கும் கையொப்பம் கட்டாயம் என்ற மாற்றம் 8.9.2 பதிப்புக்கென அறிவிக்கப்பட்டது. வெப்சைட்டும் வேறு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. பாதிக்கப்பட்ட பயனாளர்களிடம் டான் ஹோ மன்னிப்பும் கேட்டார்.

இது ஒரே ஒருவரின் பிரச்சினையா?

இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியில் ரகசியக் கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் கருவி அது. அதையும் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒருவரே பராமரித்து வந்தார். உதவிக்கு வருவதுபோல் வந்து, வருடக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்த ஓர் ஆள்தான் அந்தக் கதவை வைத்தார். லாகின் ஆகும்போது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த மைக்ரோசாஃப்ட் இன்ஜினியர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் துருவிப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

எடிட்டர் உலகத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? விம் எடிட்டரை 1991 முதல் வெளியிட்டு வந்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார். விம்மைப் பயன்படுத்துபவர்கள் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்ட மனிதர். 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி, 62 வயதில் அவர் காலமானார். விம் நின்றுவிடவில்லை. பல ஆண்டுகளாக உடன் பங்களித்து வந்த கிறிஸ்டியன் பிராபண்ட் உள்ளிட்டோர் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஓப்பன் சோர்ஸ் இருப்பதால் நிரல் சாகாது. ஆனால் ஹோஸ்டிங், சான்றிதழ், பாஸ்வேர்டு, இரவு 2 மணிக்கு வரும் எச்சரிக்கை மெயில் எல்லாவற்றையும் யாராவது ஒரு மனிதர்தான் கவனிக்க வேண்டும். நிரல் திறந்திருப்பதால் மட்டும் அந்த வேலை நடந்துவிடாது.

நீங்கள் பயன்படுத்துபவரா? இதைச் செய்யுங்கள்

1. முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். மெனுவின் கடைசியில் உள்ள கேள்விக்குறியை அழுத்தினால் தெரியும். 8.8.9-க்கு முந்தையது என்றால் தாமதிக்க வேண்டாம்.

2. பழைய பதிப்பில் இருப்பவர்கள் உள்ளே இருக்கும் அப்டேட் பட்டனை நம்ப வேண்டாம். அதிகாரப்பூர்வ வெப்சைட்டுக்கோ, கிட்ஹப்பில் உள்ள அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்கோ நேரடியாகப் போய் இப்போதைய பதிப்பை இறக்கி நிறுவுங்கள்.

3. கூகுளில் தேடும்போது முதலில் வரும் லிங்க் எல்லாமே அசல் என்று நினைக்காதீர்கள். ஒரே மாதிரிப் பெயரில் வேறு தளங்களும் உண்டு. முகவரியை ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

4. இறக்கிய ஃபைலில் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் போனால் டிஜிட்டல் கையொப்பம் பகுதி இருக்கும். சீல் சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

5. முன்பு நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸின் சொந்தச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் நிறுவியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். 8.8.7 முதல் அது தேவையில்லை என்று டெவலப்பரே சொல்லியிருக்கிறார்.

6. 2025 ஜூன் முதல் டிசம்பர் வரை அப்டேட் செய்த ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால், உங்கள் ஐடி பிரிவுக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். குறி வைக்கப்பட்டவை குறிப்பிட்ட சில அமைப்புகள்தான் என்பதால் வீட்டுப் பயனாளர்கள் பதற வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வருடக்கணக்கில் தினமும் இலவசமாகத் திறக்கும் ஒரு எடிட்டருக்கு நாம் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. பணம் கொடுக்க முடிந்தவர்கள் சின்னத் தொகை கொடுக்கலாம். கோடிங் தெரிந்தவர்கள் பிழையைத் திருத்தி அனுப்பலாம். தமிழ் மட்டும் தெரிந்தால்கூடப் போதும். தமிழ் மெனுவில் மொழிபெயர்க்காமல் விடுபட்ட வரி கண்ணில் பட்டால், அதைத் திருத்தி அனுப்பலாம். அந்தக் கதவும் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.